பாதிக்குப் பாதி

அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி போட்டு அனுப்புவதா, கழற்றி அனுப்புவதா என்று கூடத்தில் சவப்பெட்டியருகே ஒரு சின்னச் சண்டையே நடந்துகொண்டிருந்தது.

"கண்ணாடி இல்லாம அக்கா முகம் யாரோ மாதிரி இருக்கு" என்று சித்தி மாட்டிவிட்டாள்.

"தூங்குறவங்களுக்கு எதுக்குக் கண்ணாடி?" என்று அத்தை கழற்றினாள்.

இரண்டு பேரும் மகனைப் பார்த்தார்கள். அவன் இருவருக்கும் பொதுவாக ஒரு தலையாட்டலைப் போட்டுவிட்டு, நாற்காலிகளைச் சரி பண்ணப் போனான். முடியாது என்றும் சொல்லாமல் சரி என்றும் சொல்லாமல் நழுவுவதில் அவன் கைதேர்ந்தவன். அம்மா அவனுக்கு விலாங்கு என்று பெயர் வைத்ததே அதனால்தான். ஊரில் பாதிப் பேருக்கு ஆயுள் காப்பீடு எடுத்துக் கொடுத்த முகவர், தலை நரைத்த ஆள், வீட்டுக்குள் வந்தால் விலாங்குதான்.

மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் சில குடும்பங்களை மட்டும் ஏன் விடாமல் துரத்துகின்றன என்பதுதான் அம்மாவின் ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றால் பாதி ரத்தம், பாதி பேச்சு. யாரைப் பார்த்தாலும், "உங்க அத்தை எல்லாம் எப்படி இருக்காங்க?" என்று ஆரம்பித்துவிடுவாள். அம்மா வழியில் வருவது போலவே அப்பா வழியிலும் இது வரும், ஆனால் டாக்டர்கள்கூட அத்தைகளைப் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறார்கள் என்பது அவளுக்குத் தீராத மனக்குறை. கல்யாணப் பந்தலில் பெண்ணின் அப்பாவை ஓரங்கட்டி, அவருடைய அக்கா எந்த வயதில், எதனால் போனார் என்று விசாரித்து, மாப்பிள்ளை வீட்டாரின் முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

ஒருநாள் தன் ரத்தத்தையே சோதித்துப் பார்த்தாள். அவள் தேடிய மரபணுக் கோளாறு அவளிடமே இருந்தது. நோய் வருவதற்கு முன்பே மார்பகங்களையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், "பாரம் குறைஞ்சுதுடா" என்று சிரித்தாள். பிறகு அவனை எதிரே உட்கார வைத்துச் சொன்னாள்.

"உனக்கு இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. உனக்கு இருந்தா, உன் பொண்ணுக்கும் பாதிக்குப் பாதி. உனக்கு இல்லேன்னா அவ நிம்மதியா இருக்கலாம், சோதனையே வேண்டாம். எப்ப வேணும்னாலும் வா. ஆனா நான் கூப்பிட மாட்டேன்."

சொன்னபடியே கூப்பிடவில்லை. அது அவள் தொழிலில் வைத்திருந்த வைராக்கியம். தெரிந்துகொள்ள விரும்புகிறவர் தானாக வர வேண்டும், கையைப் பிடித்து இழுத்து யாருடைய ரத்தத்தையும் எடுக்கக் கூடாது. மகனென்றால் மட்டும் அது மாறிவிடுமா என்ன? அவனும் இதோ, அதோ என்று வருஷங்களை ஓட்டினான். மகள் கைக்குழந்தை என்றான், பள்ளிக்கூடம் என்றான், பரீட்சை என்றான். இப்போது அவள் கல்லூரியே முடித்துவிட்டாள்.

நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சோதனைக்குச் சம்மதம் சொல்ல அவனுக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. அம்மாவின் இதயம் ஓய்ந்துகொண்டிருந்தது. ஊசி போட வந்த சின்ன டாக்டரிடம் அவருடைய அத்தைகளைப் பற்றி விசாரித்து முடித்துவிட்டு, மூச்சு வாங்கப் படுத்திருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.

"அம்மா" என்றான்.

அவள் கண்ணைத் திறந்து அவனையே பார்த்தாள். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. காத்திருந்தாள்.

"ஜூஸ் வேணுமா?" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொண்டாடா விலாங்கு" என்று அவன் கன்னத்தைத் தட்டினாள். அந்தத் தட்டலில் துளிக் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். விடிவதற்குள் போய்விட்டாள்.

இப்போது நாற்காலிகளைப் போட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டில் எடுக்கச் சமையலறைப் பக்கம் போனவன், வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே மகளும் நர்ஸக்காவும் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஆராய்ச்சி தொடங்கிய நாளிலிருந்து அவளுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தவள் நர்ஸக்கா. இன்றும் அப்படி ஒரு வீட்டில் இருந்தபோதுதான் சேதி வந்தது. தோளில் மாட்டிய பையோடு நேராக இங்கே வந்து, அழுது ஓய்ந்து, இப்போது டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் நானே வந்து ரத்தம் குடுத்துடறேன் அத்தை" என்றாள் மகள்.

"வரிசைப்படி முதல்ல உங்க அப்பாதாம்மா."

"அப்பா வரமாட்டாரு. பாவம், ரொம்பப் பயம் அவருக்கு. அவரை விட்டுடுங்க, நான் பார்த்துக்கறேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. சின்னக் குழந்தையைப் பற்றிப் பேசுவது போல அவ்வளவு பிரியமாகச் சொன்னாள். அதுதான் அவனைச் சுட்டது. தன் பயத்தையும் சேர்த்து அந்தப் பெண் சுமந்துகொண்டிருக்கிறாள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் உள்ளே போனான்.

"அக்கா, பையில ஊசி இருக்கா?"

நர்ஸக்கா திரும்பினாள். "எதுக்கு தம்பி?"

"எனக்குத்தான். இப்பவே எடுங்க."

"நல்லா இருக்கு கதை. அம்மாவைக் கூடத்துல வெச்சுக்கிட்டு... துக்கத்துல இருக்கறவங்க சம்மதத்தை வாங்காதேன்னு அவங்களே சொல்லுவாங்க. காரியம் முடியட்டும். ஒரு வாரம் கழிச்சு வாங்க."

"ஒரு வாரம் கழிச்சு நான் வரமாட்டேன்க்கா. என்னை எனக்குத் தெரியாதா? உங்களுக்குந்தான் தெரியுமே."

நர்ஸக்கா மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"சரி. எடுத்து வெச்சுக்கறேன்" என்றாள் நர்ஸக்கா கடைசியில். "ஆனா சோதனைக்கு அனுப்ப மாட்டேன். மனசு தெளிஞ்சப்புறம் நீங்க ஒரு தடவை சொல்லணும். வேண்டாம்னா கொட்டிடுவேன். சோதனைன்னா பயந்து ஓடற ஆம்பளைங்களுக்கு உங்க அம்மா போட்ட வழி இது."

அம்மாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவன் கட்டிலில் உட்கார்ந்தான். மகளும் வந்து சுவரோரம் நின்றாள். நர்ஸக்கா பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தாள். தெரிந்தவர்கள் என்பதற்காக ஒரு கேள்வியைக்கூட விடக் கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பு. வயது கேட்டாள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள், அந்த ஒற்றைப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

"அம்மா..." என்று அடுத்ததைத் தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். ஆயிரக்கணக்கான பேரிடம் கேட்ட கேள்வி. பேனா அப்படியே நின்றது.

"கேளுங்கக்கா."

"அம்மா இருக்காங்களா?"

"இல்ல" என்றான். அந்த வார்த்தையை அவன் இன்று சொல்வது அதுதான் முதல் முறை. மற்றவர்களுக்கெல்லாம் சித்திதான் போன் போட்டாள். குரல் உடைந்து, அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். மகள் வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸக்கா காத்திருந்தாள். பிறகு மெதுவாக, "எதனால தம்பி?"

"இதயம்."

"வயசு?"

"எழுபத்தெட்டு."

எழுதினாள். எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணீரோடு சிரிப்பும் வந்தது. "நாங்க பார்த்துக்கற குடும்பங்கள்ல எழுபத்தெட்டு வயசுல ஒருத்தி இதயம் நின்னு போனான்னு சேதி வந்தா, உங்க அம்மா எழுந்து நின்னு கை தட்டுவாங்க. ஜெயிச்சுட்டாடின்னு ஊருக்கே சொல்லுவாங்க."

அவனும் சிரித்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வலது கையை நீட்டினான். ஊசி இறங்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"முடிஞ்சுது" என்று பஞ்சை வைத்து அழுத்தினாள். "அனுப்பறதா வேண்டாமான்னு அப்புறம் போன் பண்ணுங்க."

"நீங்களே பண்ணுங்கக்கா. நான் எடுப்பேன்."

வெளியே சித்தப்பாவின் குரல் கேட்டது. "வண்டி வந்தாச்சு. பெட்டியைத் தூக்கணும், எங்கப்பா அவன்?"

"இந்தக் கையால இப்ப எதையும் தூக்கக் கூடாது" என்றாள் நர்ஸக்கா.

கூடத்தில் மூடிய பெட்டியைச் சுற்றி எல்லோரும் நின்றிருந்தார்கள். தலைமாட்டில் இடப்பக்கத்துக் கைப்பிடியை அவனுக்காக விட்டு வைத்திருந்தார்கள். அவன் போவதற்குள் மகள் முந்திக்கொண்டு போய் அங்கே நின்றாள். அவன் பெட்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போய், வலது கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இடது கையால் பிடித்தான்.

"தூக்கலாமா?" என்றார் சித்தப்பா.

"தூக்கலாம்" என்றான்.