தோட்டக்காரர் கையில் ஸ்பேனர்

அமைதிப்படை முகாமில் ஒரு புல் கிடையாது. சரளைக்கல்லும் முள்கம்பியும்தான். ஆனாலும் பதினோரு வருஷமாக அந்த மனுஷன் காகிதத்தில் தோட்டக்காரர். வேலைக்குச் சேர்ந்த அன்று மெக்கானிக் இடம் காலியில்லை, தோட்டக்காரர் இடம் இருந்தது, அதில் எழுதிக்கொண்டார்கள். பார்த்ததெல்லாம் ஜெனரேட்டர் வேலை. ஊரே அவரை டீசல் என்றுதான் கூப்பிட்டது.

இப்போது, பணம் தர வேண்டிய நாடுகள் கையை விரித்துவிட்டன. நாலில் ஒருவர் வெளியே. பட்டியலோடு வந்த அதிகாரி முதல் கோட்டைத் தோட்டக்காரர் மேல் போட்டார். நாலு மணிக்குள் வாசல் அனுமதி அட்டையைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

மண்வெட்டியைத் தொட்டதே இல்லை என்று டீசல் சொல்லிப் பார்த்தார். பட்டியலில் இருப்பது ஆள் இல்லை, இடம்தான், அதை மாற்ற மேலிடத்துக்கு ஆறு மாசம் ஆகும் என்றார் அதிகாரி. ஜெனரேட்டரைப் பட்டாளத்து ஆட்கள் பார்த்துக்கொள்வார்களாம்.

பார்க்கட்டுமே என்று டீசல் நிழலில் போய் உட்கார்ந்தார். அந்தக் கிழட்டு எஞ்சினுக்கு வெயில் ஏறினால் குழாயில் காற்று புகுந்து நின்றுபோகும். காற்றை வெளியேற்ற எல்லாரும் மேல் திருகைத் தளர்த்துவார்கள். காற்று அடைத்துக்கொள்வதோ வடிகட்டிக்குப் பின்னால், அடித்திருகில். அதை அவர் ஒருத்தனுக்கும் காட்டியதில்லை. வித்தையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்க அவர் என்ன முட்டாளா?

மூணேகாலுக்கு எஞ்சின் நின்றது. பட்டாளத்தான் இரண்டு பேர் மேல் திருகோடு மல்லுக்கட்டினார்கள். கால் மணி ஆனதும் ரேடியோக்காரம்மா வேர்க்க விறுவிறுக்க வந்தாள்.

“அண்ணே, பேட்டரி இன்னும் பத்து நிமிஷம்தான். ரேடியோ செத்தா பாலத்துக் காவல் திரும்பி வந்துடணும்னு உத்தரவு.”

“உங்க பட்டியல்காரரைக் கேளு.”

“கேட்டேன். தோட்டக்காரரைக் கூப்பிடுங்கறார், வெக்கத்தை விட்டு.”

டீசல் சிரிக்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் முதல் தெருவில் அவர் மகள், இரண்டு பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். போன வருஷம் ஒரு மத்தியானம் காவல் விலகியபோது அந்தத் தெருவில் துப்பாக்கிக்காரர்கள் ஏழு வீட்டைக் கொளுத்தினார்கள்.

எஞ்சினை இப்போது ஓட்டிவிடலாம். ஆனால் சாயங்காலத்துக்குள் அது மறுபடி நிற்கும். அப்போது இவர் வேலிக்கு வெளியே இருப்பார்.

எழுந்துபோய் ஸ்பேனரை எடுத்து அவள் கையில் திணித்தார். பட்டாளத்தான் கையை நீட்டினான், தள்ளிவிட்டார். இவன் அடுத்த மாசம் ஊர் மாறிப்போவான்.

“கீழ்த்திருகு. அரைச் சுத்து. நுரை வரும். நுரை நின்னு எண்ணெய் மட்டும் வரணும், அப்புறம் இறுக்கு.”

அவளுக்கு இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் எஞ்சின் பிடித்தது.

“ஆமா, நீ பட்டியல்ல என்னவா இருக்கே?” என்றார்.

“சமையக்காரி.”

“பொழைச்சே. சோத்துல கை வைக்க மாட்டானுங்க.”

நாலு மணிக்கு அட்டையைக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்கு நடந்தார். பாலத்தில் பாதி தாண்டும்போது பின்னால் எஞ்சின் சத்தம் அறுந்தது. பேட்டரி இன்னும் ஏறியிருக்காது. காவல்காரன் ரேடியோவைக் காதில் வைத்தான், தட்டினான், துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு முகாம் பக்கம் திரும்பினான். டீசல் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். திரும்பி ஓடினாலும் வாசலில் விடமாட்டார்கள்.

தூரத்தில் ஒரு இருமல். இன்னொன்று. பிறகு எஞ்சின் ஒரே மூச்சில் ஓடியது. ரேடியோவில் அவள் குரல் கரகரத்தது. காவல்காரன் துப்பாக்கியை இறக்கிப் பழைய இடத்துக்கே வந்து நின்றான்.

“திருகை இன்னும் கொஞ்சம் இறுக்கணும், கழுதை” என்று முணுமுணுத்துவிட்டு டீசல் மீதிப் பாலத்தைக் கடந்தார்.