பெயர் எழுதாத அட்டை

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், கிருஷ்ணப்பிரியாவின் புருஷன் 2017 தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்து சேர்ந்தார். அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. தண்ணி கேன் போடும் கஜபதிதான் அவரை முதலில் பார்த்தவன். ஆபீசில் இருந்த அவளுக்குப் போன் செய்து, "அக்கா, ஊட்ல சார் கீறாரு. கேனை அவரே தூக்கி உள்ள வெச்சுகினாரு" என்றான். சரி என்றாள். வேறு என்னதான் சொல்வது?

சங்கதி ஆரம்பித்தது அதற்கு முந்தின மாதம், மிலானில். அங்கே ஒரு வங்கியின் வேலைக்காகக் கம்பெனி அவளை வருஷத்துக்கு இரண்டு தடவை அனுப்பும். வயது நாற்பது, சொந்த ஊர் அருப்புக்கோட்டை, அப்பா அம்மா போய்விட்டார்கள். ஓட்டல் அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாத ஒரு சாயங்காலம், விலைச் சீட்டு இல்லாத தோல் சாமான் கடை ஒன்றில் நுழைந்தாள். சில்வியா என்ற தலை நரைத்த விற்பனைக்காரி அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். அந்த மாதிரிக் கடைகளில் காசு இருந்தால் மட்டும் போதாது. நல்ல சரக்கு உள்ளறையில் இருக்கும். விற்பனைக்காரிக்கு உங்களைப் பிடித்துப்போனால்தான் வெளியே வரும். அதற்காக ஆளுக்கொரு அட்டை போட்டு வீட்டு விவரமெல்லாம் எழுதி வைத்துக்கொள்வார்கள். கிருஷ்ணப்பிரியாவுக்குச் சரக்கு வேண்டியதில்லை, அந்தப் பேச்சு இன்னும் பத்து நிமிஷம் நீண்டால் போதும். வீட்டில் யார் யார் என்று கேட்டபோது, புருஷன் என்று சொல்லிவிட்டாள். பொய் நிற்க வேண்டுமே என்று நாற்பத்திரண்டாம் நம்பரில் ஒரு ஜோடி ஷூவும் வாங்கினாள். அவர் பெயர் என்ன என்றதும், அம்மா செய்ததைப்போலவே தலையைக் குனிந்துகொண்டு, "எங்க ஊர்ல புருஷன் பேரைச் சொல்ல மாட்டோம்" என்றாள். சில்வியா அந்த வரியைக் காலியாக விட்டாள்.

ஆகவே வந்தவருக்குப் பெயர் இல்லை. அட்டையில் இருந்தது மட்டுமே அவரிடம் இருந்தது: கால் நாற்பத்திரண்டு, பழுப்பு நிறம் பிடிக்கும், காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம். பேச மாட்டார், பேச்சைப் பற்றி யாரும் எழுதவில்லை. குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஹேமநாதன் பெயர் கேட்டு இரண்டு வாரம் நடையாய் நடந்து, கடைசியில் பதிவேட்டில் 'சார்' என்று எழுதிக்கொண்டார். அக்கம்பக்கத்தார் ஒரு மாதம் இதை வாயில் போட்டு மென்றார்கள். பிறகு குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டியதும் அந்தப் பள்ளத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். வாய் திறக்காத ஒருவரோடு ஒரே வீட்டில் இருப்பது தனியாக இருப்பதைவிடக் கொடுமை என்று கிருஷ்ணப்பிரியாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுத்த முறை போனபோது சாத்தூர் காராச்சேவு ஒரு பொட்டலம் கொடுத்து, ஒரு பெல்ட் வாங்கி, "நான் வேலை முடிஞ்சு வந்ததும் சாப்பிட்டியான்னு கேப்பார்" என்று சில்வியாவிடம் சொன்னாள். ஊர் திரும்பிய அன்று கதவைத் திறந்தவர், "சாப்பிட்டியா?" என்றார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அழுதாள்.

இப்படியே ஏழு வருஷம். மழை பெய்தால் குடையோடு ஸ்டாப்புக்கு வருவார் என்று எழுதவைக்க ஒரு பர்ஸ், தலைவலி என்றால் ரசம் வைப்பார் என்பதற்கு ஒரு கைப்பை. ஒருமுறை ஞாபகப் பிசகாக நாற்பத்தொன்றில் ஷூ வாங்கிவிட்டாள். அவர் கால் ஒரு நம்பர் சுருங்கியது, பழைய ஷூவுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டார். கொரோனா சமயம் விமானமே இல்லை, சார் இருந்த நாலு வாக்கியத்தை வைத்தே காலம் தள்ளினார்.

2024 மார்ச்சில் சில்வியாவிடமிருந்து தகவல் வந்தது. இந்த மாதத்தோடு தனக்கு ஓய்வு, பழைய அட்டைகளைக் கிழித்துவிடுவார்கள் என்று. கிருஷ்ணப்பிரியா சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்து ஓடினாள். விமானத்தில் ஒரு வாய்கூட இறங்கவில்லை. வீடு திரும்பும்போது கதவைத் தானே திறந்துகொள்ள வேண்டியிருக்குமோ என்ற ஒரே பயம்தான். கடையில் சில்வியா அட்டையைத் தன் பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"புருஷன் உள்ளவள் கால் அளவை மறக்க மாட்டாள். எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன் எழுதுனீங்க?"

"என் வீட்டிலும் கேட்க ஆளில்லை. நீ சொல்லும்போது என்னையே யாரோ கேட்கிற மாதிரி இருந்தது."

கிருஷ்ணப்பிரியா பேனாவை வாங்கினாள். பெயருக்கான வரியை அப்படியே விட்டுவிட்டு, அடியில் மிச்சமிருந்த இடத்தில் ஒரே ஒரு வரி எழுதினாள். அந்த அட்டை இப்போது ஐயப்பன்தாங்கல் வீட்டுப் பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, மிலானில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், சார் பால்கனிக்குப் போய்ப் போன் செய்து, "சில்வியாம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறார். சாப்பிட்டேன் என்று அவள் தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையைச் சொல்கிறாள். சாப்பிடாத நாளில் அவள் பதில் சொல்வதில்லை. சார் போனை வைப்பதும் இல்லை. கேனோடு மாடி ஏறி வரும் கஜபதி எட்டிப் பார்த்துவிட்டு, "சார் லைன்ல கீறாரு, அப்பால வரேன்க்கா" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான்.