பெரிய குச்சி

பெரிய பியானோவின் மூடியைத் தூக்கி நிறுத்த உள்ளே இரண்டு குச்சிகள் இருக்கும். சின்னக் குச்சியைக் கொடுத்தால் மூடி ஒரு முழம்தான் எழும்பும். கொட்டாவி விடப் போய், பாதியில் வெட்கப்பட்டு நிறுத்தியது போலிருக்கும். பெரிய குச்சியைக் கொடுத்தால் வாய் முழுக்கத் திறக்கும். மூவர் குழு தொடங்கிய நாளிலிருந்து, பியானோ வாசிக்கிற தம்பிக்கு வாய்த்தது சின்னக் குச்சிதான்.

தம்பிக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. ஆனாலும் தம்பிதான். வயலின் வாசிப்பது அவனுடைய அக்கா. நெஞ்சுயரத்துக்கு நிற்கும் செல்லோ என்ற பெரிய வயலினைக் காலிடையில் வைத்து வாசிப்பது அக்காவின் கணவர். ரயிலில் ஜன்னலோர இருக்கை செல்லோவுக்கு, அதற்குப் பக்கத்தில் அத்தான், அவருக்குப் பக்கத்தில் அக்கா. தம்பி கழிவறைக்குப் பக்கத்து இருக்கையில் வருவான். அவனுடைய வாத்தியத்தைத்தான் தூக்கிக்கொண்டு அலைய முடியாதே. போகிற ஊரில் எது நிற்கிறதோ அதைத்தான் வாசிக்க வேண்டும். ஒரு ஊரில் பல் போன பியானோ, இன்னொரு ஊரில் எலி குடும்பம் நடத்திய பியானோ.

வங்கிக் கிளைத் திறப்பு விழாவில் ஆரம்பித்தார்கள். பிறகு கட்டில் மெத்தைக் கடை, ஒரு கப்பல், ஒரு கண் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடம். மெல்ல மெல்ல உண்மையான அரங்குகளுக்கு வந்து சேர்ந்தார்கள். எங்கே போனாலும் கதவு திறப்பதற்கு முன் அக்கா மேடைக்குப் போய் மூடியைப் பார்ப்பாள். பெரிய குச்சி நின்றால் அதை மடக்கிவிட்டுச் சின்னதை வைப்பாள். "நீ அடிக்கிற அடியில என் வயலின் எவன் காதுலயும் விழாதுடா" என்பாள். ஒருமுறை பத்திரிகையில் விமர்சனம் வந்தது. வயலினுக்கு ஒரு பத்தி, செல்லோவுக்கு ஒரு பத்தி. கடைசியில், "பியானோவும் இருந்தது."

ஊரின் பெரிய சங்கீத மண்டபம் அவர்களை முதன்முதலாகக் கூப்பிட்டபோது தம்பியின் கையில் இன்னொரு வேலைக்கான அழைப்பும் இருந்தது. ஒரு பெரிய ஹோட்டலின் முன்கூடத்தில் தினமும் மாலை தனியாக வாசிக்க வேண்டும். மாதச் சம்பளம். பக்கத்தில் சொந்தக்காரர் யாரும் இல்லை. கச்சேரியன்று காலை, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"இன்னைக்குப் பெரிய குச்சி."

அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என்னங்க, கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றார் அத்தான். அவர் இத்தனை வருஷமும் குடும்பம் நடத்தியது அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான்.

"இல்லேன்னா நாளைக்கே ஹோட்டல்ல சேர்ந்துடுவேன்க்கா. நீங்க வேற ஆளைப் பார்த்துக்கங்க."

"மிரட்டுறியா? போயேன். உன் அடிக்கு அங்க தட்டு டம்ளர் எல்லாம் உடையட்டும்."

சண்டையை நிறுத்தியது அக்காவின் மகள். அவள் பல் டாக்டர். தினமும் நாலு பேர் வாயைப் பார்த்துப் பார்த்து யாருக்காகவும் பொய் சொல்கிற பழக்கம் விட்டுப்போனவள். "முதல் பாதி சின்னக் குச்சி, ரெண்டாவது பாதி பெரிய குச்சி. நான் கடைசி வரிசையில உட்கார்ந்து கேட்கிறேன். பெரிய குச்சியில அம்மாவோட வயலின் கேட்டுதுன்னா இனி எப்பவும் அதுதான். கேட்கலைன்னா மாமா ஆயுசுக்கும் வாயைத் திறக்கக் கூடாது. சரியா?"

இருவரும் சரி என்றார்கள். அத்தானை யாரும் கேட்கவில்லை.

முதல் பாதியில் தம்பி எப்போதும் போல வாசித்தான். அதாவது, விளாசினான். மூடி இறங்கியிருந்தால் அவன் சத்தம் அவனுக்கே போர்வைக்குள்ளிருந்து வருவது போலத்தான் கேட்கும். தான் உயிரோடு இருக்கிறோமா என்று தெரிந்துகொள்ளவே ஓங்கிக் குத்த வேண்டியிருந்தது.

இடைவேளையில் மேடைப் பணியாளர் வந்து பெரிய குச்சியை நிறுத்தினார். இரண்டாம் பாதியின் முதல் அடியிலேயே தம்பிக்கு வியர்த்தது. குளியலறைக் கதவென்று நினைத்துத் தெருக் கதவைத் திறந்துவிட்டவன் கதை. இடுப்பில் துண்டுதான். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக வெளியே போய் நின்று ஊரைப் பார்த்தது. இடது கை வேகமாக ஓட வேண்டிய ஒரு இடத்தில் நாலு சுரத்தை விழுங்கிவிடுவது அவனுடைய பழைய வழக்கம். இத்தனை வருஷமும் அந்தத் திருட்டை மூடி மறைத்திருந்தது. இன்று மறைக்க ஒன்றுமில்லை. மிச்சம் முழுவதையும் தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவன் மாதிரி வாசித்தான். அக்கா ஒவ்வொரு வரியையும் தொடங்குவதற்கு முன் மூக்கை உறிஞ்சுவாள் என்பதே அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

கைதட்டல் முடிந்து, மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் மூவரும் காத்திருந்தார்கள். பல் டாக்டர் உள்ளே வந்தாள்.

"முதல் பாதியில அம்மா வாசிச்சாங்களா? கை ஆடுனது தெரிஞ்சுது. சத்தம் வரலை."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. "அப்புறம்?"

"ரெண்டாவது பாதியில நல்லாக் கேட்டுதும்மா. எல்லாமே கேட்டுது. மாமா ஒரு இடத்துல எதையோ முழுங்கினதும் கேட்டுது. என் வேலையிலயும் அப்படித்தான். வாயை அரைகுறையாத் திறந்தா எந்தப் பல் சொத்தைன்னு தெரியவே தெரியாது."

தம்பி எழுந்து நின்றான். "கேட்டுக்கிட்டியா அக்கா? இனி பெரிய குச்சி."

"மூடியாலயாடா கேட்டுது?" அக்கா வயலின் வில்லைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நீ அடங்கி வாசிச்ச, கேட்டுது. இத்தனை வருஷமா சத்தத்தைக் குறைடான்னு நான் தொண்டை கிழியக் கத்தினது இன்னைக்குத்தான் உன் மண்டையில ஏறியிருக்கு. அடங்கி வாசிக்கறதுக்குச் சின்னக் குச்சி போதும்."

"அத்தான், நீங்களே சொல்லுங்க."

"ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் மாப்ளே."

"அப்ப நான் ஹோட்டலுக்குப் போறதும் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தம்பி கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

மறுநாள் காலை ஹோட்டலுக்குப் போனான். பளபளவென்று வெள்ளைப் பியானோ. அதன் மூடிமேல் ஒரு கண்ணாடி மீன் தொட்டி. உள்ளே ஒரே ஒரு மீன்.

"இந்தத் தொட்டியை எங்க வைக்கலாம்?" என்று மேலாளரைக் கேட்டான்.

"அதோட இடமே அதுதான் சார்."

"மூடியைத் திறக்கணுமே?"

"அது திறக்காது சார். ஆணி அடிச்சாச்சு. சின்னப் பிள்ளைங்க உள்ள ஸ்பூனைப் போட்டுடுறாங்க."

தம்பி உட்கார்ந்து நாலு அடி வாசித்தான். போர்வைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. கொஞ்சம் ஓங்கி வாசித்தான். மீன் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

மேலாளர் குனிந்து, மிகுந்த பணிவோடு, "கொஞ்சம் சத்தம் கம்மியா சார். பேசிட்டு இருக்கறவங்களுக்கு இடைஞ்சலா இருக்கும்" என்றார்.

எவ்வளவு கொடுமைக்காரியானாலும் அக்கா மூடிக்கு ஆணி அடித்ததில்லை. தம்பி அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து சேர்ந்தான். வேலை என்னவாயிற்று என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஒத்திகைகள் நடந்தன. குச்சியைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த கச்சேரி ஒரு கல்லூரி அரங்கில். தம்பி மேடைக்கு வந்தபோது அக்கா வழக்கம்போல் அவனுக்கு முன்பே பியானோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மேடைப் பணியாளர் சின்னக் குச்சியில் கை வைத்திருந்தார். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டான்.

"அது வேண்டாங்க. பெரிசைப் போடுங்க" என்றாள் அக்கா. "மூடியை இறக்கினா இவன் உள்ள ஒளிஞ்சுக்கிட்டு அடிக்கிறான். திருட்டுத்தனம் எல்லாம் ஊருக்குத் தெரியட்டும். நான் ரொம்ப நாளா யோசிச்சு வச்சதுதான் இது. இல்லீங்களா?"

"ரொம்ப நாளா" என்றார் அத்தான், செல்லோ உறையின் கொக்கியைக் கழற்றியபடி.

'நான் கேட்டதுதானே இது' என்று தம்பிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அத்தான் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தார். வந்ததை விழுங்கிக்கொண்டான். இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வழக்கமாக விழுங்குகிற அந்த நாலு சுரத்தையும் இடது கையால் ஒவ்வொன்றாக, நிதானமாக வாசித்துப் பார்த்தான். காலி அரங்கின் கடைசி வரிசை வரைக்கும் போயின.

"தம்பி, சத்தம்!" என்றாள் அக்கா.