முழங்காலில் பிறந்த கோல்

கிளீட்டஸ் நாட்டுக் கால்பந்து அணிக்காக அடித்த கோல்கள் எல்லாம் அவருடைய வீட்டில்தான் குடியிருந்தன. மொத்தம் நாற்பத்திரண்டு. வடக்கே மலைப்பக்கத்து ஆட்டக்காரன் ஒருவன் வீட்டில் நாற்பத்தொன்று இருந்தன. அவனும் மூட்டு தேய்ந்து ஓய்வு பெற்றுவிட்டதால் அந்த ஒன்று வித்தியாசம் அப்படியே நிலைத்துவிட்டது. செய்தித்தாள்கள் சாதனை என்று எழுதியது அந்த ஒன்றைத்தான்.

சாதனை செய்தவர் கிளீட்டஸ். அதற்குச் சோறு வடித்தவள் அவர் மனைவி பெனடிக்டா. இந்த இரண்டாவது செய்தியை எந்தச் செய்தித்தாளும் எழுதவில்லை என்பதால் அவள் செய்தித்தாளை மீன் பொதிவதற்கு மட்டுமே பயன்படுத்தினாள்.

குளச்சலுக்குக் கிழக்கே கடலோரத்து ஊர் அவர்களுடையது. கோல்கள் வலையில் அல்லாமல் வேறெங்கும் உறங்குவதில்லை. ஆகவே பழைய மீன்வலைகளை உத்தரத்தில் தொட்டில்களாகக் கட்டியிருந்தார்கள். ஒரு கோல் ஏறத்தாழ ஓர் ஆட்டுக்குட்டியின் கனம் இருக்கும். தலையால் முட்டி அடித்தவை நிலைக்கதவில் இடித்துக்கொண்டுதான் உள்ளே வரும். பெனால்டி கோல்கள் விசில் கேட்காமல் சாப்பிட உட்காரா. வீட்டுக்குக் குக்கர் வந்தபிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. நட்புப் போட்டிகளில் அடித்தவைதான் மிக அதிகமாகத் தின்றன. ஐந்துக்கு ஒன்று என்று தோற்ற ஆட்டத்தின் அந்த ஒன்று, எப்போதும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது.

கோவில் திருவிழாவுக்குக் கோல்களைக் குளிப்பாட்டி வாசலில் வரிசையாக நிறுத்துவது வழக்கம். நிறுத்துபவர் கிளீட்டஸ், குளிப்பாட்டுபவள் பெனடிக்டா. வருகிறவர்கள் வரிசையோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஒரு கோல் மட்டும் வரிசைக்கு வருவதில்லை. ஒரு தீவு நாட்டுக்கு எதிராக அடித்த கோல் அது. பெனடிக்டா மீன் ஆயும்போது பக்கத்தில் வந்து உட்காரும். நடந்தால் அவளுடைய நைட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும். யாராவது கைதட்டினால் உடம்பெல்லாம் நடுங்கும். மற்ற நாற்பத்தொன்றும் கிளீட்டஸின் பெயரைக் கேட்டால் எழுந்து நின்றன. இது மட்டும் அவளுடைய காலடி ஓசைக்கு எழுந்து நின்றது. அவள் அதைக் கொஞ்சியதில்லை. ஆனால் பாரை மீனின் செவுள்பக்கத்துச் சதை எப்போதும் அதற்குத்தான்.

ஒரு சனிக்கிழமை நண்பகலில் ஒலிவேரோ வந்தார். அந்தத் தீவு நாட்டு அணியின் பழைய தடுப்பாட்டக்காரர். தலை நரைத்திருந்தது. கையில் ஒரு பீங்கான் தட்டு. இந்த ஒரு வேலைக்காகவே தமிழ் கற்றிருந்தார். ஏதோ பழைய புத்தகத்திலிருந்து கற்றிருக்க வேண்டும்.

"வணக்கம். தங்கள் இல்லத்தில் என்னுடைய கோல் ஒன்று வளர்கிறது. அதனை அழைத்துச் செல்ல வந்துள்ளேன்."

கிளீட்டஸ் நாற்காலியை விட்டு எழவில்லை. "எது உமக்க கோலு?"

"தாங்கள் உதைத்த பந்து வெளியே சென்றுகொண்டிருந்தது. என் முழங்காலில் பட்டு உள்ளே திரும்பிற்று. ஆகையால் அது என் முழங்காலில் பிறந்தது."

"ரெப்ரி எனக்க பேரைத்தான் சொன்னாரு."

"நடுவர் வெயிலுக்குக் கண்ணை மூடியிருந்தார்."

பெனடிக்டா மீன் கையோடு வெளியே வந்தாள். "முழங்கால்ல பொறந்துதா? அப்போ இத்தன வருசம் சோறு போட்டது ஆரு? உமக்க முழங்காலா?"

"தாங்களே அம்மையீர். நன்றியுடையேன்," என்றார் ஒலிவேரோ. "எங்கள் தீவில், தன் கோலைத் தேடிக் கொண்டுவராதவனுக்குப் பந்தியில் இடமில்லை. நான் நின்றுகொண்டே உண்கிறேன். என் கோலுக்கென இந்தத் தட்டை வைத்திருக்கிறேன்."

அவள் தட்டைப் பார்த்தாள். ஒருவரும் சாப்பிடாத தட்டு. ஆனால் தினமும் கழுவிக் கழுவிப் பூ அழிந்திருந்தது. அயோக்கியன் என்று விரட்டிவிடலாம் என நினைத்துத்தான் வெளியே வந்திருந்தாள். தட்டைத் தினமும் கழுவுகிற ஆண்பிள்ளையை அப்படி விரட்ட முடியாது. அதனால் அவளுக்குக் கோபம் கூடியது.

உள்ளே போனதும் கிளீட்டஸ் சொன்னார்: "விடப்பிடாது கேட்டியா. ஒண்ணு போனா நானும் அந்த வடக்கத்திக்காரனும் சமம். சமம்னா தோத்ததாக்கும்."

"நீங்க எண்ணிக்கையப் பத்திப் பேசுதிய. நான் அதுக்குக் காய்ச்சல் வந்தா நெத்தியத் தொட்டுப் பாக்கியவ. எதுண்ணாவது தெரியுமா உங்களுக்கு?"

கிளீட்டஸ் தொட்டில்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "எதாக்கும் அது?" என்றார்.

அது பெனடிக்டாவின் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

அந்த ஊரில் வழக்கு எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் பிறகு பங்குத்தந்தை தீர்ப்பார். படகு வழக்கும் சரி, சம்பந்தி வழக்கும் சரி. பங்குத்தந்தை ஹிலாரி இரு தரப்பையும் கேட்டார். பிறகு அங்கியின் கையை மடக்கிவிட்டார்.

"நடந்தத நடந்தபடியே திரும்ப நடத்திக் காட்டுங்க. பந்தக் கடைசியாத் தொட்ட ஆளுக்குக் கோலு."

"பந்து உள்ள போவலேன்னா சாமி?" என்றாள் பெனடிக்டா.

"போவலேன்னா கோலே இல்ல. இல்லாத ஒண்ணுக்கு வழக்கு எதுக்கு?"

தீர்ப்பு நியாயமானது என்று ஊர் தலையாட்டியது. ஊருக்குத் தலையாட்டுவதில் செலவு ஒன்றும் இல்லை. பெனடிக்டா கோலைப் பார்த்தாள். அது கோவிலை ஒட்டிய மைதானத்தின் வெள்ளைக்கோட்டருகே, சொன்ன இடத்தில், சொன்னபடி நின்றது.

கிளீட்டஸ் லுங்கியை மடித்துக் கட்டினார். ஒலிவேரோ அன்று நின்ற இடத்தைக் காலால் துழாவிக் கண்டுபிடித்து நின்றார். விசில் ஒலித்தது. கிளீட்டஸ் ஓடிவந்து உதைத்தார். நல்ல ஆட்டக்காரர்தான், அன்றைய பிழையை இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இம்மி பிசகாமல் செய்தார். பந்து அன்று போலவே வெளியே போகும் திசையில் போனது. ஒலிவேரோ முழங்காலை நீட்டினார். அன்றைய முழங்காலுக்கும் இன்றைய முழங்காலுக்கும் இடையே வயது புகுந்திருந்தது. பந்து அவரைத் தொடாமல் கடந்து வெளிக்கோட்டை நோக்கி உருண்டது.

கோட்டருகே நின்ற கோல் ஓரங்களிலிருந்து மெலியத் தொடங்கியது. அதன் வயிற்றின் வழியே கொடிமரம் தெரிந்தது. அது அழவில்லை. பெனடிக்டா இருந்த பக்கமாகத் தலையைத் திருப்பியது. பிறகு அந்தத் தலையும் மங்கியது.

பெனடிக்டா கையிலிருந்த குடையைக் கீழே போட்டுவிட்டு மைதானத்துக்குள் ஓடினாள். ஓடிப் பழக்கமில்லாத உடம்பு. அதுவரை எதையும் உதைத்ததில்லை, உதைக்க வேண்டியவர்கள் பலர் இருந்தும். ரப்பர் செருப்புக் காலை நீட்டினாள். பந்து செருப்பில் பட்டு, கம்பத்தில் மோதி, உள்ளே போனது. செருப்பும் கூடப் போனது.

கோல் கனம் திரும்பித் தரையில் தொப்பென்று உட்கார்ந்தது.

"கடைசியாத் தொட்டது ஆரு?" என்றார் பங்குத்தந்தை.

"நான்தான்."

"அப்போ உனக்க கோலு."

கிளீட்டஸ் முன்னால் வந்தார். "சாமி, இவ அந்த மேட்சிலயே கெடையாது."

"இப்பம் இருக்கா," என்று சொல்லிவிட்டுப் பங்குத்தந்தை ஞானஸ்நானத்துக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார்.

வீடு திரும்பும் வழியில் கிளீட்டஸ் விரல்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தார். பிறகு, "நீ எனக்க பெண்டாட்டிதானே. உனக்க ஒண்ணயும் எனக்குள்ளதோட சேத்துச் சொல்லலாமில்லியா?" என்றார்.

"சொல்லப்பிடாது," என்றாள் பெனடிக்டா. அவள் இடுப்பில் கோல் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒலிவேரோ வாசல் வரை வந்து நின்றார். தட்டை அவளிடம் நீட்டினார். "இஃது அதனுடையது. தாங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் விடைபெறுகிறேன்."

"எங்க போறீரு? நின்னுக்கிட்டுச் சாப்பிடவா? இங்க வந்து உக்காரும்."

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்து சாப்பிட்டு நாளானதால் கால்களை எப்படி மடக்குவது என்று சற்றுத் தடுமாறினார். பெனடிக்டா அவருக்கு வாழையிலை போட்டாள். கோலுக்குப் பீங்கான் தட்டு. கிளீட்டஸுக்கு, முதன்முறையாக, கடைசியில் பரிமாறினாள். அவர் தம்முடைய நாற்பத்தொன்றின் நடுவே உட்கார்ந்து ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். சிலவற்றை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

ஒலிவேரோ இரண்டாம் முறை சோறு வாங்கும்போது முற்றத்தில் நிழல் விழுந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். தென்னைகளுக்கு மேலே, மஞ்சள் சட்டையும் கையுறையும் அணிந்த ஒருவர், உடம்பை முழுக்க நீட்டி, இடப்பக்கமாகத் தாவிய நிலையில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தார்.

"எங்கள் கோல்கீப்பர்," என்றார் ஒலிவேரோ. "அன்று தாவியவர். பந்து யாருடையது என்று முடிவாகாததால் இதுவரை இறங்கவில்லை."

பெனடிக்டா குழம்புக் கரண்டியைக் கிளீட்டஸிடம் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போனாள். காயப்போட்டிருந்த நெத்திலியை ஓரமாக ஒதுக்கி, அவர் விழுவதற்கு இடம் செய்தாள்.