சமமாகப் போன ஓட்டு

எங்கள் துவாலுத் தீவு நாட்டில் கட்சி கிடையாது. பாராளுமன்றத்தில் பிரதமர் பக்கம், எதிர்ப்பக்கம், அவ்வளவுதான். என் அண்ணன் செமீசி பிரதமர் பக்கம். என் வீட்டுக்காரர் தானியெலா எதிர்ப்பக்கம். இரண்டு பேரும் எம்.பி.க்கள்.

அந்த வாரம் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. ஒரு மந்திரி பிஜியில் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் இரண்டு பக்கமும் சமம். சமமாக நின்றால் பிரதமர் பிழைப்பார்; அவர் பக்கம் ஒரு தலை குறைந்தால் ஆட்சி கவிழும். கவிழ்ந்தால் தானியெலா மீன்வள மந்திரி என்று பேச்சு.

ஓட்டெடுப்பன்று காலையில் அண்ணி ஓடிவந்தாள். இருட்டோடு சூரை மீன் பிடிக்கப் போன அண்ணன் திரும்பவில்லை. தானியெலா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஓட்டுடி," என்றார்.

"ஓட்டு எங்கேயும் மிதந்து போயிடாது. எங்கண்ணன் போயிடுவான்."

சட்டையை அப்படியே கீழே போட்டுவிட்டுப் படகை எடுத்தார்.

பவளப்பாறைக்கு அப்பால், இன்ஜின் செத்துப்போய், அண்ணன் மிதந்துகொண்டிருந்தான்.

"வா மாப்ள! ஓட்டுக்கு நேரமாகலையா?"

"ஆகுது. உன்னை இங்கேயே விட்டுட்டுப் போனா நான் மந்திரி."

"போயேன். குடிக்கத் தண்ணி மட்டும் குடுத்துட்டுப் போ."

"மச்சான், எங்க பக்கம் வந்துடு. கயிறு போடறேன்."

"கயிறைப் போடு, யோசிக்கிறேன்."

"முதல்ல யோசி."

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நீரோட்டம் படகை வெளியே இழுத்தது. தானியெலா வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே கயிற்றை வீசினார்.

மெதுவாக இழுத்துக் கரை சேர்ப்பதற்குள் ஓட்டெடுப்பு முடிந்துவிட்டது. இரண்டு நாற்காலியும் காலி. ஓட்டு சமம். பிரதமர் பிழைத்தார். எதிர்ப்பக்கத் தலைவர் லோமி கரையிலேயே தானியெலாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஓட்டுப் போட்டுட்டுப் போய்த் தேடக் கூடாதாய்யா?"

"அதுக்குள்ள இவன் கிரிபாட்டி நாட்டுக்கே போயிருப்பான். அங்கேயும் ஆளுறவங்க பக்கம்தான் உட்காருவான்," என்றார் தானியெலா.

லோமி சிரிக்காமல் போய்விட்டார். ஆனால் அவர் எங்கள் சித்தி மகன். எங்கள் வீட்டில் சூரை வேகும்போது வேறெங்கே சாப்பிடுவார்? சாயங்காலம் உம்மென்று வந்து அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அண்ணன் மீனின் வயிற்றுத் துண்டை அவர் தட்டில் தள்ளினான்.

"அடுத்த தீர்மானம் எப்பண்ணே?"

"நீ அடுத்து எப்ப மீனுக்குப் போறே? அதை முதல்ல சொல்லு," என்றார் லோமி.

தானியெலாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. நான்தான் தலையில் தட்டினேன், கொஞ்சம் பலமாகவே.