வாத்தியார் இறுக்கிய போல்ட்

செத்துப்போன ஒருவர் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு சிரமமான வேலை என்பது கண்ணாடிக்காரருக்குத்தான் தெரியும். உயிரோடு இருப்பவன் என்றால் என்றைக்காவது உளறுவான், தொப்பை போடுவான், நாலு பேர் முன்னால் மூக்குடைபடுவான். நமக்கும் கொஞ்சம் வயிறு குளிரும். செத்தவருக்கு அந்தத் தொல்லையே இல்லை. நாளாக ஆக நல்லவராகிக்கொண்டே போவார்.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். நாற்பத்தாறு வயதுவரை கல்யாணப் பேச்சுக்கே பிடி கொடுக்காதவர், கண்ணாடியின் உடைந்த கால் ஒன்றைச் சரிசெய்ய வந்த பெண்ணிடம் தலைகுப்புற விழுந்தார். அவள் தையல் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். முதல் கணவர் பள்ளிக்கூட வாத்தியார், நான்கு வருடத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். எட்டு மாதத்துக்கு முன் இவர் அவளைக் கட்டிக்கொண்டு, இரண்டு பெட்டிகளோடு அவள் வீட்டுக்கே குடிவந்தார்.

வந்த அன்றே கூடத்துச் சுவரில் ஓர் ஆணியைப் பார்த்தார். ஆணியைச் சுற்றி ஒரு சதுரம் மட்டும் வெளுப்பாக இருந்தது. இவர் வருகிறார் என்று அவளே வாத்தியார் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்திருந்தாள். மறுநாளே கண்ணாடிக்காரர் தன் கடை நாள்காட்டியைக் கொண்டுவந்து அந்த ஆணியில் மாட்டினார். நாள்காட்டி சின்னது. சதுரம் நாலு பக்கமும் எட்டிப் பார்த்தது.

அதிலிருந்து ஆரம்பித்தது வயிற்றெரிச்சல். நாற்காலியில் உட்கார்ந்தால் வாத்தியார் உட்கார்ந்த நாற்காலி. ஒழுகிய குழாயை அவள் இரண்டே நிமிடத்தில் பிரித்து மாட்டியபோது, "யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். "யாரும் இல்லையே" என்றாள். மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. மிக்ஸியைத் திறந்து கரி பிரஷ் மாற்றியபோதும் அதே கேள்வி, அதே பதில், அதே அரைச் சாப்பாடு. பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி, "அவருக்குக் காபி பிடிக்குமா, டீயா?" "அவர் சத்தமாச் சிரிப்பாரா?" என்று தினம் ஒரு கேள்வி போடுவார். அவளும் ஒளிக்காமல் பதில் சொல்வாள். அந்தப் பதில்களை வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்து பொருமுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே வாத்தியார் காலத்திலிருந்து வீட்டில் நிற்கிற அந்தக் கார். பின்சக்கரம் இழுக்கிற பழைய மாடல். இரண்டு மாதமாகக் கொஞ்சம் வேகம் எடுத்தாலே பின்பக்கத்திலிருந்து ஊ என்று ஒரு ஊளைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். அடுத்தவன் மனதில் எந்த இடத்தில் புண் என்று தெரிந்து, சரியாக அங்கேயே விரல் வைக்கிற பிறவி.

"என்ன தம்பி, வண்டி இப்படி அழுவுது? வாத்தியார் இருந்தப்போ பூனை மாதிரி போகும். அவர் கை ராசி அப்படி."

கண்ணாடிக்காரர் அன்றைக்கே கிளம்பினார். உதிரிபாகக் கடையில் போய் விசாரித்தார். ஊளை என்றால் டிஃபரென்ஷியலாக இருக்கும் என்றார்கள். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி உப்பிக்கொண்டிருக்கிற இரும்புக் கூடு. அதற்குள் பல்சக்கரங்கள் ஓடுகின்றன, அவை முங்கிக் கிடக்கிற ஆயிலை மாற்றி வருடக்கணக்கு ஆகியிருக்கும். மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். கீழே திறந்தால் பழையது வெளியே போகும், மேலே திறந்து புதியதை ஊற்ற வேண்டும். வீட்டிலேயே செய்யலாம், ஒன்றும் பிரமாதம் இல்லை.

"இந்த ஞாயித்துக்கிழமை நானே மாத்துறேன்" என்று மனைவியிடம் சொன்னார்.

அவள் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். "நான் கூட வரட்டுமா?"

"நீ ஏன்? இனிமே வண்டி என் பொறுப்பு."

"சரிங்க. ஆனா திங்கக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் எனக்கு ஷிஃப்ட். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, பார்த்துக்குங்க."

ஞாயிறு காலை காரை இரண்டு சுற்று ஓட்டி ஆயிலைச் சூடாக்கிக்கொண்டு வந்து, நாலு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து உயர்த்தினார். கொட்டகையில் பழைய கருவிப்பெட்டி ஒன்று இருந்தது. அதைத் தொடுவேனா என்று புதிதாக ஒரு ஸ்பேனர் செட்டே வாங்கி வைத்திருந்தார். டேஷ்போர்டு அறைக்குள் ஒரு நோட்டும் இருந்தது. வண்டிக்கு என்னென்ன வேலை எப்போது நடந்தது என்று எழுதிய நோட்டு. ஆயில் எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்கத்தான் அதைத் திறந்தார். அச்சடித்தாற்போல உருண்டை உருண்டையாக வாத்தியார் கையெழுத்து. "டிஃபரென்ஷியல் ஆயில் மாற்றியது" என்ற வரி கண்ணில் பட்டது. அதற்குக் கீழே ஏதோ ஒரு வரி இரண்டு தடவை அடிக்கோடிட்டு இருந்தது. அதைப் படிப்பதற்குள் எரிச்சல் முந்திக்கொண்டது. போயும் போயும் இந்த ஆளிடமா பாடம் கேட்பது என்று நோட்டைப் பட்டென்று மூடினார்.

ஆனால் ஒன்றை முடிவு செய்துகொண்டார். வேலை முடிந்ததும் அந்தக் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி எழுத வேண்டும். இந்த வீட்டில் ஒரே ஒரு இடத்திலாவது வாத்தியாருக்கு அப்புறம் நான் வர வேண்டும். அதற்காக எதையும் செய்ய அவர் தயாராக இருந்தார்.

கீழ் போல்ட் கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு வழிக்கு வந்தது. அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்பு ஆயில் தட்டில் கொட்டியது. போல்ட்டின் முனையிலிருந்த காந்தத்தில் சாம்பல் நிறத்தில் இரும்புத்தூள் சேறாக ஒட்டியிருந்தது. அதைத் துணியால் வழித்துத் துடைத்தபோது கண்ணாடிக்காரருக்கு ஒரு தனிச் சந்தோஷம். வாத்தியார் ஊற்றிய ஆயிலின் கடைசிச் சொட்டும் போயிற்று. போல்ட்டை மறுபடி மாட்டி இறுக்கிவிட்டு, விசில் அடித்தபடி மேல் போல்ட்டுக்குப் போனார்.

அது அசையவில்லை.

அந்த போல்ட்டுக்குத் தலை கிடையாது, நடுவில் சதுரக் குழி மட்டும்தான். புதிய செட்டில் அந்தச் சதுரத்துக்குச் சரியான சாவி இல்லை. கிட்டத்தட்டப் பொருந்திய ஒன்றைச் சொருகிப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். வழுக்கியது. விரல் முட்டி போய் அச்சில் இடித்துத் தோல் பெயர்ந்தது. குழாய்த்துண்டு ஒன்றைக் கைப்பிடியில் செருகி இழுத்துப் பார்த்தார். குழிக்குள் ஓர் ஓரம் மழுங்கியதுதான் மிச்சம். மூக்குக்கண்ணாடியின் எறும்புத்தலை திருகுகளை முப்பது வருடம் திருகிய கை அது. இந்த மாதிரி முரட்டு இரும்பிடம் அதற்குப் பழக்கம் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. பழைய ஆயில் தட்டில் கிடக்கிறது. புதிய ஆயில் பாட்டிலில் இருக்கிறது. நடுவே கூடு காலி. ஊற்ற வழி இல்லை. காலியாக ஓட்டினால் பல்சக்கரம் தேய்ந்து நாசம். மெக்கானிக் கடை ஞாயிறு கிடையாது. காலை ஆறு மணிக்கு அவள் எப்படிப் போவாள்?

காரின் பக்கத்தில் இரண்டு செருப்புகள் வந்து நின்றன. தபால்காரர்.

"என்ன தம்பி, வரமாட்டேங்குதா?" குனிந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "வாத்தியார் இறுக்கினதாச்சே. லேசுல விட்டுடுமா?"

கண்ணாடிக்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் செத்த மனுஷன் இன்னும் அந்த போல்ட்டை மறுபக்கமிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றே தோன்றியது. ஸ்பேனரைத் தரையில் விட்டெறிந்தார்.

சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள். தட்டில் ஆயிலைப் பார்த்தாள், அசையாத போல்ட்டைப் பார்த்தாள்.

"அய்யோ, கீழ் போல்ட்டை முதல்ல திறந்துட்டீங்களா? மேலதுதானே முதல்ல திறக்கணும்? அது வருதான்னு பார்த்துட்டுத்தானே கீழதைத் தொடணும்? நோட்டுல ரெண்டு கோடு போட்டு எழுதியிருக்குமே."

"எனக்கு அந்த நோட்டு வேண்டாம்!" காருக்கு அடியிலிருந்தே கத்தினார். "மனுஷன் அத்தனை பலமா இறுக்கி வச்சிருக்கான். யாராலயும் திறக்க முடியக்கூடாதுன்னே இறுக்கியிருக்கான்!"

"யாரு?"

"யாரா? உன் வாத்தியார்தான்!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அவரா? அவர் ஜென்மத்துல வண்டிக்கு அடியில தலையை விட்டதில்லைங்க. மூச்சு முட்டிடும்னு பயம். அதை இறுக்கினது நான்."

தபால்காரர், "வீட்டுல கூப்பிடுறாங்க" என்றார். யாரும் கூப்பிடவில்லை. மெல்லக் கம்பி நீட்டினார்.

கண்ணாடிக்காரர் மல்லாந்த நிலையிலேயே வெளியே நகர்ந்து வந்தார். மூக்கில் கிரீஸ். "நோட்டுல அவர் கையெழுத்துதானே இருக்கு?"

"என் கைதான் கிரீஸா இருக்குமே. நான் கீழ கிடந்து சொல்லுவேன், அவர் மேல நின்னு எழுதுவார். வண்டியோட வந்த புத்தகத்தைப் பார்த்து நானே கத்துக்கிட்டேன். தையல் மெஷினைப் பிரிச்சு மாட்டுறவளுக்கு இது பெருசா?"

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"நீங்க எங்க கேட்டீங்க? எப்பப் பார்த்தாலும் அவரைப் பத்தித்தானே கேட்டீங்க. என்னைப் பத்தி என்ன கேட்டீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. குழாய், மிக்ஸி, இரண்டு தடவையும் அவள் உண்மையைத்தான் சொன்னாள். இவர்தான் அவள் கையில் வேறொருவர் கையைத் தேடினார். எட்டு மாதமாக அவர் பொறாமைப்பட்ட சாமர்த்தியம் முழுக்க அவருடைய மனைவியுடையது.

"அப்ப நாலு வருஷமா ஏன் வண்டியைத் தொடலை?"

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "டார்ச் பிடிக்க ஆள் இல்லை" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அந்த இறக்கம் கண்ணாடிக்காரருக்குள் ஊசி மாதிரி இறங்கியது. சாமர்த்தியம் போனால் என்ன, இந்த ஏக்கம் வாத்தியாருக்கானதுதான். மறுக்க முடியாது.

கொட்டகையிலிருந்து பழைய பெட்டியைக் கொண்டுவந்தாள். சதுரத்துக்குச் சரியான சாவி அதில் இருந்தது. காருக்கு அடியில் சரசரவென்று நுழைந்து போல்ட்டைச் சுற்றித் துருவை இளக்குகிற எண்ணெய் அடித்தாள். "அஞ்சு நிமிஷம் ஊறட்டும். டார்ச்சை எடுங்க. உள்ள இருட்டு."

அவர் குப்புறப் படுத்து டார்ச்சைப் பிடித்தார். சுத்தியலால் போல்ட்டின் மேல் நாலு தட்டுத் தட்டினாள். முதலில் ஒரு நூல் அளவு இறுக்கினாள், பிறகு எதிர்ப்பக்கம் திருகினாள். முனகியது.

"ரொம்பத்தான் இறுக்கிட்டேன். அன்னிக்கு அவர்கூட சண்டை, அந்தக் கோபம்."

கண்ணாடிக்காரரின் காது விடைத்தது. "சண்டையா? என்ன சண்டை?"

"டார்ச்சை ஒழுங்காப் பிடிக்கலைன்னுதான். பேச ஆரம்பிச்சா வெளிச்சம் எங்கயோ போயிடும். மரத்துல குருவியைக் காட்டுவார்."

அதற்குப் பிறகு கண்ணாடிக்காரர் வாய் திறக்கவில்லை. கண்ணில் வியர்வை இறங்கியது, துடைக்கவில்லை. முழங்கை கல்லில் அழுந்தியது, மாற்றவில்லை. வெளிச்சம் அந்தச் சதுரக் குழியை விட்டு ஒரு முடி அளவு நகரவில்லை. மறுபடி கைப்பிடியை இழுத்தாள். டக்கென்று ஒரு சத்தம், போல்ட் விட்டது. குழாய் வைத்துப் புதிய ஆயிலை அழுத்தி ஏற்றினாள். துளையின் விளிம்பில் ஒரு கோடு வழிந்ததும் நிறுத்தினாள். போல்ட்டை மாட்டி இறுக்கினாள், இந்தத் தடவை அளவாக.

"ஆடாமப் பிடிச்சீங்க" என்றாள் வெளியே வந்து. அவருக்கு அது போதும் போல இருந்தது. ஆனாலும் நோட்டு பாக்கி இருந்தது.

"எழுதுங்க, நான் சொல்றேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டே தேதி, கிலோமீட்டர், ஆயில் அளவு என்று சொன்னாள். வாத்தியாரின் உருண்டை எழுத்துக்குக் கீழே கண்ணாடிக்காரரின் கோழிக்கிறுக்கல் விழுந்தது. எழுதி முடித்துவிட்டு ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு இன்னொரு வரி சேர்த்தார்.

'மாற்றியது என் மனைவி. டார்ச் பிடித்தது நான்.'

அவள் நோட்டை வாங்கிப் படித்தாள். அந்த வரியில் விரலை வைத்தாள். அப்புறம் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்ட ஆரம்பித்தாள். பிரேக், கிளட்ச், ரேடியேட்டர், பெல்ட். ஒவ்வொரு பக்கமாக, முதல் பக்கம் வரைக்கும் போனாள். அவள் எதைத் தேடுகிறாள் என்பது கண்ணாடிக்காரருக்குப் புரிந்துவிட்டது.

"பதினோரு வருஷம்" என்றாள். "ஒரு இடத்துலகூட வேலை செஞ்சது நான்னு எழுதலை பாருங்க. அவருக்குத் தோணவே இல்லை போல."

எட்டு மாதமாக அவர் காத்துக்கிடந்த சொல் அது. வாத்தியாரைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரே ஒரு குறை. கடையில், படுக்கையில், குளியலறையில் அதைக் கேட்கிற மாதிரி எத்தனையோ முறை கற்பனை செய்து பார்த்திருக்கிறார். இப்போது அது வந்துவிட்டது. அவள் முகமும் வாடியிருந்தது. அந்த முகத்தைக் கண்ணாடிக்காரரால் பார்க்க முடியவில்லை.

"சே, அப்படியெல்லாம் இருக்காது" என்றார் அவசரமாக. "நீ கீழ கிடந்து சொல்லச் சொல்ல எழுதினவர். நீ சொன்னதை மட்டும் எழுதியிருப்பார். நல்ல மனுஷன்."

சொன்ன பிறகுதான் யாருக்காகப் பேசினோம் என்பது அவருக்கே தெரிந்தது.