கோப்பில் போட மனம் வராத பெயர்கள்

யுர்லெனிக்கு ஒரே குடைச்சல். அத்ராத்தோ ஆற்றங்கரை மருத்துவச்சிகளுக்காகச் செய்த கைபேசிச் செயலியில் முந்நூற்றுப் பன்னிரண்டு கர்ப்பிணிகள் இருந்தார்கள். ஒருத்திக்குக்கூடப் பிரசவம் ஆனதாகக் காணோம். சிலர் பதினைந்து மாதமாக முழுகாமல் இருந்தார்கள்.

பிள்ளை பிறந்ததும், தாயின் பெயர் பட்டியலைவிட்டு விலக, ‘கோப்பில் போடு’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அந்த வார்த்தையை எழுதியவள் யுர்லெனிதான். இருபது வருடம் வானொலியில் அறிவிப்பு வாசித்தவள். தான் சொல்லி யாருக்கும் புரியாமல் போனதில்லை என்ற எண்ணம் அவளுக்கு. நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று படகேறினாள்.

மருத்துவச்சி எமெரிதாவுக்கும் ஏறக்குறைய அவள் வயதுதான். வாழைக்காய் வறுத்துக்கொண்டே கைபேசியை நீட்டினாள்.

“எப்படி அழுத்துறதுன்னு தெரியலையா?” என்று யுர்லெனி கேட்டாள்.

“ஏன் தெரியாம? மனசு வரல. எங்கண்ணன் நில வழக்கைக் கோப்புல போட்டாச்சுன்னு ஒரு கடுதாசி வந்துச்சு. அதோட அது செத்துச்சு. நான் கொடி அறுத்த பிள்ளைங்களையும் அங்க கொண்டுபோய்ப் போடவா?”

யுர்லெனிக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. நோட்டை எடுத்தாள்.

“சரி, பிள்ளை பொறந்ததும் பக்கத்து வீட்டுல என்ன சொல்லுவீங்க?”

“பெத்துப் பொழைச்சுட்டான்னு சொல்லுவோம்.”

யுர்லெனி ஆசையோடு எழுதிக்கொண்டாள். எமெரிதா எட்டிப் பார்த்தாள்.

“அதைப் பொத்தான்ல போட்டுறாதீங்க, ரேடியோக்காரம்மா. போன மாசம் பெத்த தோரிசெல்லா பொழைக்கல. அன்னைக்கு நான் எதை அழுத்துறது?”

யுர்லெனி அதை அடித்துவிட்டு ‘முடிந்தது’ என்று எழுதினாள்.

“எங்க முடிஞ்சுது? அப்புறம் நாப்பது நாள் நான்தானே போய்ப் பாக்குறேன்.”

வறுத்ததெல்லாம் தீர்ந்தபோது ஏழாவது வார்த்தைக்கு வந்திருந்தார்கள்: ‘பிரசவம் ஆனது.’ அதன் கீழே சின்ன எழுத்தில், ‘பெயர் அழியாது. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.’

“நெசமாவே இருக்குமா?”

“முன்னாடியும் இருந்துச்சு. நான்தான் சொல்லாம விட்டுட்டேன்.”

புதிய பொத்தான் வந்த வாரமே பட்டியல் நாற்பத்தேழாகச் சுருங்கியது. அதில் எமெரிதா கணக்கில் ஒருத்திக்கு மட்டும் பிரசவ நாள் தாண்டியிருந்தது. யுர்லெனி போன் போட்டாள்.

“அழுத்த மறந்துட்டீங்களா?”

“மறக்கல. இப்பத்தான் வலி கண்டிருக்கு, பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். போனை வைங்க.”